ஓரத்தில் ஒரு கை

ரவுண்ட் ராக், டெக்சஸ்
12 ஜனவரி 2025

அன்புள்ள வான்மதி கண்ணுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், என் வலது முழங்காலைத் தவிர. மாடிப்படி இறங்கும்போது உயிர் போகிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? நியூ ஜெர்ஸியில் பனி கொட்டுவதாக நியூஸில் பார்த்தேன். நீயே ஷவல் எடுத்துத் தள்ளாதே, முதுகு பிடித்துக்கொள்ளும்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். நான் என்ன செய்வேன்? என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய், மாமா நம்பரையும் பிளாக் பண்ணிவிட்டாய். உன் தம்பி ஜெயபிரகாஷைக் கெஞ்சித்தான் இந்த அட்ரஸை வாங்கினேன். ஸ்டாம்ப் எந்தப் பக்கம் ஒட்டுவது என்றே மறந்துபோயிருந்தது.

நல்ல சேதிதான். என் ரோஷினிக்குக் கல்யாணம் கூடிவிட்டது. பையன் ஆர்யன், டாலஸில் டாக்டர். அப்பா நெடுஞ்செழியன், அம்மா ருக்மிணி, பூர்வீகம் பல்லடம். லேபர் டே லாங் வீக்கெண்டில், ஆகஸ்ட் 30, இங்கேயே மண்டபம். ருக்மிணி அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்: "அமெரிக்கான்னு ஒரு சீரையும் விட்டுறக் கூடாதுங்க. தாய்மாமன் நெத்தியில பட்டம் கட்டாத பொண்ணை எங்க வூட்ல எடுத்ததில்லீங்க."

எனக்குக் கூடப்பிறந்த ஆண் இல்லை என்பது உனக்குத் தெரியாததா? சித்தப்பா மகன் ஜெயபிரகாஷ்தான் எனக்குத் தம்பி. அவன் கல்யாணத்தில் அக்காவாக நின்றதும் நான்தான். சான்டா கிளாராவுக்கு போன் பண்ணிக் கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வான்மதி அக்கா வந்தா வர்றேன். அவ இல்லாத இன்னொரு கல்யாணத்துல நான் நிக்க மாட்டேன்."

வா கண்ணு. ரோஷினிக்காக வா.

உன் பதிலுக்கு மெயில்பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
வசந்தாக்கா

*

ஈஸ்ட் பிரன்ஸ்விக், நியூ ஜெர்ஸி
9 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய வசந்தாக்காவுக்கு,

நான் சுகம். பனியை நானேதான் தள்ளினேன். முதுகுக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் முழங்காலுக்கு ஆர்த்தோ டாக்டரைப் பார்த்தீர்களா? நாற்பத்தாறு வயதில் தள்ளிப்போடக் கூடாது.

ரோஷினிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

போனில் பேசும் எண்ணம் இல்லை. காகிதம் போதும். போட்டோவை போனில் வெட்டினால் யாருக்கும் தெரிவதில்லை. காகிதத்தை வெட்டினால் வெட்டிய இடம் தெரியும்.

அந்தப் போட்டோவைப் பற்றி இதுவரை உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

வருவதைப் பற்றி யோசிக்கிறேன்.

வான்மதி

*

ரவுண்ட் ராக்
20 பிப்ரவரி 2025

அன்புள்ள வான்மதிக்கு,

டாக்டரைப் பார்த்தேன். கார்டிலேஜ் தேய்ந்திருக்கிறதாம். நீ விசாரித்ததே பாதி மருந்து. உனக்கு பிபி எல்லாம் சரியாக இருக்கிறதா?

என்னை எந்தக் காலத்தில் நீ "நீங்கள்" என்று கூப்பிட்டிருக்கிறாய்? படித்துவிட்டு அரை மணி நேரம் கிச்சனிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நீ கேட்காவிட்டாலும் நானே சொல்கிறேன். அந்தப் போட்டோ நம் ஊர் கோபிக்கு எப்படிப் போனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எடுத்தது என் ஃப்ரெண்ட் ஷ்யாமளா. அவள் மெட்ராஸ்காரி, எதையும் யோசிக்காமல் நாலு பேருக்கு அனுப்புகிற பழக்கம் உண்டு. அவளோடு இப்போது அவ்வளவாகப் பேசுவதுமில்லை. அன்றைக்கு நான் லெமனேட் மட்டும்தான் குடித்தேன் என்பதும் உனக்கு நினைவிருக்கும். உன்னைத் தடுத்திருக்க வேண்டும். அது ஒன்றுதான் என் தப்பு.

சித்தப்பா கோபத்தில் செய்தார். போனவரைக் குறை சொல்லக் கூடாது. நீ இந்த ஒரு தடவை மனசு வை.

அன்புடன்,
வசந்தாக்கா

*

ஈஸ்ட் பிரன்ஸ்விக்
8 மார்ச் 2025

மதிப்பிற்குரிய வசந்தாக்காவுக்கு,

பிபி சரியாக இருக்கிறது. முழங்காலுக்கு நீச்சல் நல்லது என்கிறார்கள்.

லெமனேடை நீங்கள் எழுதியதும் அந்த மதியம் முழுவதும் திரும்பி வந்துவிட்டது. 2022 ஏப்ரல். விவாகரத்து ஆர்டர் கைக்கு வந்து ஒரு மாதம். தம்பி கல்யாணத்துக்கு இரண்டு மாதம். "ஒரு வாரம் இங்க வந்து இரு கண்ணு, மூஞ்சியப் பாக்கவே சகிக்கல" என்று என்னை வரவழைத்தீர்கள். சனிக்கிழமை ஷ்யாமளா வண்டி ஓட்ட, நாம் இருவரும் பின் சீட்டில். 290 ஹைவேயில் திரும்பியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் புளூபானெட் நீலமாகப் பூத்திருந்தது. ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி நீங்கள் பூவுக்கு நடுவில் போய் உட்கார்ந்தீர்கள், எறும்பு கடித்து எழுந்து ஓடி வந்தீர்கள்.

திராட்சைத் தோட்டத்துக்குள் வெளிச் சாப்பாடு கூடாது என்று போர்டு இருந்தது. நீங்கள் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு வந்திருந்தீர்கள். பார்க்கிங்கில் டிக்கியைத் திறந்து வைத்து மூன்று பேரும் நின்றபடி சாப்பிட்டோம். பிறகுதான் உள்ளே போனோம். பெரிய ஓக் மரம், கீழே மர மேஜை. தொப்பி போட்ட அந்த ஓனர் அம்மாள், ஐந்து சின்ன ஒயின் கிளாஸ்களை வரிசையாக வைத்து, இது வெள்ளை, இது ரோஸ், இந்தச் சிவப்பு டெம்ப்ரனில்லோ என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். அவசரமே இல்லாத மதியம். காற்றடித்தால் மரத்தின் நிழல் மேஜை மேல் அசையும். ஒரு நாய் வந்து உங்கள் செருப்பின் மேல் படுத்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். எதற்கு என்றுகூட நினைவில்லை. நீங்களும் சிரித்தீர்கள்.

நான்காம் நாள் அப்பா அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு போன் பண்ணினார். டைவர்ஸ் ஆனவள் தம்பி கல்யாணத்தில் அக்காவாக இணைச்சீர் செய்ய நிற்கலாமா என்று ஊரே கேட்டபோது, "எம் புள்ள தப்பு பண்ணல, அவதான் நிப்பா" என்று ஒற்றை ஆளாக வாதாடி ஜெயித்தவர். அன்றைக்குச் சொன்னது ஒரே வரி. "நீ கல்யாணத்துக்கு வர வேண்டாம்." டிசம்பரில் அவர் போய்விட்டார். நடுவில் வேறு எதுவும் பேசவில்லை. அதனால் என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அந்த வரிதான்.

ஊரில் கேட்டவர்களிடம் எனக்கு விசா ஸ்டாம்பிங் கிடைக்கவில்லை என்று சொன்னீர்களாம். நல்ல பொய்.

ஏப்ரலில் ஆஸ்டினில் எனக்கு ஒரு கான்ஃபரன்ஸ் இருக்கிறது. அதே தோட்டத்துக்கு இன்னொரு தடவை போய் வரலாமா? நீங்களும் நானும் மட்டும். அங்கே விட்டதை அங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. லெமனேட் நான் வாங்கித் தருகிறேன்.

வான்மதி

*

ரவுண்ட் ராக்
17 மார்ச் 2025

அன்புள்ள வான்மதிக்கு,

உன் கடிதத்தை மாமாவிடம் படித்துக் காட்டினேன். "வான்மதி பழசை எல்லாம் மறந்துட்டா போலிருக்கு, போயிட்டு வா" என்றார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் அந்த இடம்தானா? லேக் பக்கம் நல்ல நல்ல கஃபே எல்லாம் வந்திருக்கிறது. கோயிலுக்கும் போகலாம். உனக்கு அதுதான் வேண்டும் என்றால் சரி, ஏப்ரல் ஐந்து சனிக்கிழமை நான் டிரைவ் பண்ணுகிறேன். முழங்காலுக்கு பிரேஸ் போட்டுக்கொண்டு ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

யாரிடமும் சொல்ல வேண்டாம். குறிப்பாக டாலஸ்காரர்கள் காதில் விழ வேண்டாம்.

உன்னைப் பார்க்கத் துடிக்கும்,
வசந்தாக்கா

*

ரவுண்ட் ராக்
10 ஏப்ரல் 2025

என் கண்ணு வான்மதிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? ஃப்ளைட்டில் காது அடைத்ததா? எனக்கு இந்த நாலு நாளாக முழங்கால்கூட வலிக்கவில்லை என்றால் நம்புவாயா?

நீ முன்னைவிட இளைத்திருக்கிறாய். ஆனால் முகம் தெளிவாக இருக்கிறது. பாதி மதியம் நீ பேசவே இல்லை, நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். ரோஷினிக்கு வாங்கிய புடவை, மண்டபத்துக்காரன் பண்ணும் அலம்பல், ருக்மிணி அம்மாவின் லிஸ்ட் எல்லாம் சொன்னேன். நீ டெம்ப்ரனில்லோவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாய். அந்த நாய் செத்துப்போனது என்று ஓனர் அம்மாள் சொன்னபோது உன் கண் கலங்கியது. எனக்கும்தான்.

நீ ரெஸ்ட்ரூம் போய் வர ரொம்ப நேரம் ஆனது. எங்கேயோ போய் அழுகிறாய் என்று நினைத்து எழுந்து வரப் பார்த்தேன். அதற்குள் வந்துவிட்டாய். வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலில் கை வைத்து, "வலி எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டாய். அக்கா என்று உன் வாயால் கேட்டு மூன்று வருஷம். எனக்கு அது போதும்.

கல்யாணத்துக்கு வருகிறாய், தம்பியையும் அழைத்து வருகிறாய் என்று நான் எடுத்துக்கொள்ளலாம்தானே? ஒரு வரி எழுது. ருக்மிணி அம்மா தினமும் கேட்கிறார்.

அன்பு முத்தங்களுடன்,
வசந்தாக்கா

*

ரவுண்ட் ராக்
25 மே 2025

அன்புள்ள வான்மதிக்கு,

உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா? ஆறு வாரமாகப் பதில் இல்லை. கடிதம் தொலைந்துவிட்டதோ என்று போஸ்ட் ஆபீஸில்கூடக் கேட்டேன். என் முழங்கால் மறுபடியும் ஆரம்பித்துவிட்டது.

பத்திரிகை அச்சாகிவிட்டது. "தாய்மாமன்" என்று போட்டு ஜெயபிரகாஷ் பெயர் இருக்கிறது. ஆனால் அவன் இன்னும் டிக்கெட் புக் பண்ணவில்லை. கேட்டால், "அக்கா சொல்லட்டும்" என்கிறான். நீ என்ன சொல்லப்போகிறாய்?

நேற்று ருக்மிணி அம்மா போனில், "மாமன்காரர் வர்றாருங்களா, இல்லீங்களா? தெரிஞ்சா நாங்க ஒரு முடிவுக்கு வருவோம்" என்றார். அந்த "முடிவுக்கு" என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. ரோஷினி சிரித்துக்கொண்டே, "சில் மா, இட்ஸ் ஜஸ்ட் எ ரிச்சுவல்" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்?

இரண்டு வரி எழுது கண்ணு.

வசந்தாக்கா

*

ஈஸ்ட் பிரன்ஸ்விக்
14 ஜூன் 2025

மதிப்பிற்குரிய வசந்தாக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. பதில் எழுதாமல் இருந்தது வேண்டுமென்றேதான். முழங்கால் ஏன் மறுபடி வலிக்கிறது? நீச்சலுக்குப் போகவில்லையா?

இத்துடன் ஒரு போட்டோவின் கலர் ஜெராக்ஸ் இருக்கிறது. ஒரிஜினல் என்னிடம். முதல் தடவை போனபோது ஓனர் அம்மாள், உடனே பிரிண்ட் வரும் கேமராவில் நம் இருவரையும் படம் எடுத்தாரே, மறந்துவிட்டீர்களா? முதல் தடவை வருகிற எல்லோரையும் எடுத்து, ரெஸ்ட்ரூம் போகும் வழியில் சுவர் முழுக்கக் குத்தி வைப்பது அவர் பழக்கம். ஒன்றைக்கூட எடுத்துப்போடுவதில்லை. 2022 ஏப்ரல் வரிசையைத் தேடத்தான் அன்றைக்கு நேரமாகிவிட்டது. கேட்டதும் ஊசியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

பாருங்கள். நீங்கள் இடது பக்கம், நான் வலது பக்கம். என் கை உங்கள் தோளில் கிடக்கிறது. இருவர் கையிலும் கிளாஸ். உங்களுடையது சிவப்பு. டெக்சஸில் லெமனேட் அந்த நிறத்தில் வருவதில்லை.

கோபி சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போன போட்டோவில் ஒயின் கிளாஸோடு நான் மட்டும் இருந்தேன். ஆனால் ஓரத்தில் ஒரு மணிக்கட்டு விட்டுப்போயிருந்தது, உங்கள் நெளி வளையலோடு. நான் வேலை பார்ப்பது ஸ்டாட்டிஸ்டிக்ஸில். ஒரு மருந்து வேலை செய்ததா, தானாகக் குணமானதா என்று வருஷக்கணக்காகப் பார்ப்பவள். ஷ்யாமளாதான் எடுத்தாள். ஆனால் எடுத்த போன் உங்களுடையது. போன வாரம் அவளிடம் பேசினேன். தன் போனில் அந்தப் படமே இல்லை என்கிறாள்.

ஜெயபிரகாஷுக்கு இது எதுவும் தெரியாது. டிக்கெட் புக் பண்ணட்டுமா என்று நேற்றும் கேட்டான்.

நடந்ததை உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். முழுவதும்.

வான்மதி

*

ரவுண்ட் ராக்
29 ஜூன் 2025

வான்மதி,

சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆமாம். நான்தான்.

உன் அப்பாவுக்கு நேராக அனுப்பவில்லை. என் அம்மாவுக்கு அனுப்பினேன். என் அம்மா யாரிடம் காட்டுவாள் என்று எனக்குத் தெரியும். அதனால் சித்தப்பாவுக்கே அனுப்பினேன் என்று வைத்துக்கொள். என்னை வெட்டிவிட்டு அனுப்பினேன். பயத்தில் வெட்டினேன் என்று நாலு தடவை எழுதிக் கிழித்துப்போட்டேன். பயம் இல்லை.

நீ பேசிக்கொண்டே இருந்தாய். அதுதான் காரணம். அந்த மரத்தடியில் உட்கார்ந்து, இணைச்சீருக்கு அப்பா உனக்கு எடுத்த புடவை பற்றி, பேழைக்கூடையை எப்படி ஏந்துவது என்று உன் அம்மா போனில் சொல்லிக்கொடுத்தது பற்றி, கூறைச்சேலையின் ஒரு தலைப்பு உன் கையிலும் மறு தலைப்பு தம்பி கையிலும் இருக்கும்போது அவன் முகத்தைப் பார்த்து அழாமல் இருக்க முடியுமா என்பது பற்றி. சின்ன வயசில் இருந்து எத்தனை கல்யாணத்தில் நான் அதைக் கீழே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அண்ணன் தம்பி இல்லாதவளை அந்த நேரத்தில் யாரும் தேட மாட்டார்கள். காபி வந்ததா என்று பார்க்கச் சொல்வார்கள்.

உனக்குப் புருஷன் போய்விட்டான், ஊர் பேசுகிறது, இருந்தும் உனக்கு அந்த இடம் இருக்கிறது. எனக்கு எல்லாம் இருந்தும் அது மட்டும் இல்லை. ஒரே ஒரு தடவை நிற்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. நீ வராவிட்டால் அடுத்து என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று தெரியும். கூப்பிட்டார்கள். நின்றேன். நன்றாக இருந்தது, வான்மதி. பொய் சொல்ல மாட்டேன்.

சித்தப்பா உன்னிடம் பேசாமலே போவார் என்று நினைக்கவில்லை. ஒரு மாதம் கோபமாக இருப்பார் என்றுதான் நினைத்தேன்.

நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன். தம்பியிடம் மட்டும் சொல்லாதே. எனக்கு இருப்பது அவன் ஒருத்தன்தான்.

வசந்தாமணி

*

ஈஸ்ட் பிரன்ஸ்விக்
12 ஜூலை 2025

மதிப்பிற்குரிய வசந்தாக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து நன்றாகவே இருக்கிறது. கை நடுங்கியிருக்கும் என்று நினைத்தேன்.

ஜெயபிரகாஷ் டிக்கெட் புக் பண்ணிவிட்டான். நானும் பண்ணிவிட்டேன். அவனிடம் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். கல்யாணம் முடிந்ததும் அந்தப் போட்டோவை உங்களிடமே அனுப்பிவிடுகிறேன். ரோஷினிக்கு ஒரு குறையும் வராது. அவள் என்ன பாவம் செய்தாள்?

பதிலுக்கு ஒன்று வேண்டும்.

மாமன் பட்டம் கட்டும்போது பெண்ணின் அம்மா தட்டை ஏந்திப் பக்கத்தில் நிற்பது நம் வீட்டு வழக்கம். அங்கே நான் நிற்பேன். நீங்கள் மேடை ஏறக் கூடாது. என் இடத்தில் நீங்கள் நின்றீர்கள். உங்கள் இடத்தில் நான் நிற்கிறேன். காரணம் கேட்டால் முழங்கால் வலி என்று சொல்லிக்கொள்ளுங்கள். விசா ஸ்டாம்பிங்கைவிட நல்ல காரணம், பாதி உண்மையும்கூட. அந்தச் சீர் முடியும்வரை வலிக்கட்டும். முடிந்ததும் குணமாகட்டும். தாரை வார்க்க நீங்கள் போகலாம், அது மாமாவுக்காக.

டைவர்ஸ் ஆனவள் தட்டு ஏந்தலாமா என்று ருக்மிணி அம்மா கேட்பார். கேட்காமல் இருக்க மாட்டார். அப்போது எனக்காக நீங்கள்தான் வாதாட வேண்டும். அப்பா வாதாடிய மாதிரி.

சம்மதமா?

வான்மதி

*

ரவுண்ட் ராக்
24 ஜூலை 2025

வான்மதிக்கு,

சம்மதம்.

ருக்மிணி அம்மாவிடம் பேசிவிட்டேன். நீ சொன்ன மாதிரியே கேட்டார். "அவ எந்தத் தப்பும் பண்ணலீங்க, அவதான் நிக்கணும்" என்றேன். "சரீங்க" என்று போனை வைத்துவிட்டார்.

ரோஷினியிடம் இன்னும் சொல்லவில்லை. அதை எப்படிச் சொல்வது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

வசந்தாமணி

*

ஈஸ்ட் பிரன்ஸ்விக்
14 செப்டம்பர் 2025

வசந்தாக்கா,

நான் சுகம். லேபர் டே முடிந்த மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன். ரோஷினியும் ஆர்யனும் ஹனிமூனில் இருந்து திரும்பியிருப்பார்கள்.

மூன்றாவது வரிசை ஓரத்து நாற்காலியில் முழங்காலில் ஐஸ் பேக் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஐஸ் பேக் நான் கேட்காதது. நடிப்பதென்றால் நீ முழுசாக நடிப்பாய். வந்தவர்கள் எல்லாம் குனிந்து உன் காலை விசாரித்துவிட்டுப் போனார்கள். யாரோ உன்னிடம் காபி வந்ததா என்று கேட்டது மேடை வரை கேட்டது.

ஜெயபிரகாஷ் பட்டம் கட்டும்போது ரோஷினி திரும்பி என் காதில், "வேர் இஸ் அம்மா?" என்றாள். நீ சொல்லவே இல்லை போலிருக்கிறது. "முழங்கால் வலி கண்ணு" என்றேன். அவள் கூட்டத்தில் தேடினாள். நீ எழுந்துவிடுவாய் என்று நினைத்தேன். எழவில்லை. உட்கார்ந்தபடியே கையைத் தூக்கிக் காட்டினாய், சிரித்துக்கொண்டு.

இனித்ததா என்று நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். இனித்தது. மூன்று வருஷம் காத்திருந்ததற்கு வஞ்சனை இல்லாமல் இனித்தது. தட்டில் கற்பூரம் அணையும் வரைக்கும். அதற்குப் பிறகு, இதைப் பார்க்க அப்பா இல்லையே என்று வந்துவிட்டது. சாப்பிடாமல் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பியது அதனால்தான். பந்தியில் குறை ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெயபிரகாஷிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இனியும் சொல்ல மாட்டேன். ஆனால் உன் ஜூன் மாதக் கடிதத்தை அம்மாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். அப்பா போன நாளில் இருந்து அம்மா என்னிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, "இன்னொருக்கா படி" என்றாள். இரண்டாம் தடவை ஸ்பீக்கரில் போட்டு அப்பா படத்துக்கு முன்னால் போனை வைத்தாளாம். படித்து முடித்ததும், "ரோஷினி கண்ணாலம் முடியட்டும். அது வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றாள்.

கல்யாணம் முடிந்துவிட்டது. ஜெயபிரகாஷ் அடுத்த வாரம் அம்மாவைப் பார்க்கக் கோபி போகிறான். டிக்கெட் நான் சொல்லிப் போட்டதில்லை.

போட்டோவைத் திருப்பி அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். உன் பாதி இத்துடன் இருக்கிறது. என் பாதியை நான் வைத்துக்கொண்டேன். கத்தரிக்கோல் மொட்டை, ஓரம் கோணலாகிவிட்டது. உன் தோளில் ஒரு கை மிச்சம் இருக்கும். அது என்னுடையது. அதை எடுக்க வேண்டுமென்றால் உன் தோளையும் சேர்த்து வெட்ட வேண்டியிருந்தது.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

வான்மதி